பிடியரிசியில் தொடங்குங்கள்: விசுவாசத்தை அன்றாட உதவியாக்க ஒரு வழிகாட்டி

சபையின் முழு உறுப்பினராக ஏற்கும் திடப்படுத்தல் ஆராதனை முடிந்த கையோடு இளைஞர்கள் சிலர் கேட்பதுண்டு: "இனி நான் என்ன செய்ய வேண்டும்?" கத்தோலிக்க ஆலயங்களில் உறுதிபூசுதல் பெற்றவர்களும் இதையேதான் கேட்கிறார்கள். வேதம் வாசி, ஜெபம் செய், ஆலயத்துக்குத் தவறாமல் வா என்ற பதில் உடனே கிடைத்துவிடும். பிறருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற ஆசைக்குத்தான் சரியான பதில் கிடைக்காது. கிறிஸ்துமஸ் சமயத்தில் முதியோர் இல்லத்துக்குக் கேக் கொண்டுபோகும் குழுவில் பெயர் கொடுக்கச் சொல்வார்கள். டிசம்பரில் அந்த இல்லங்களில் கேக் மிஞ்சிப்போய்க் கிடக்கும். பிப்ரவரியில் எட்டிப் பார்க்க ஆள் இருக்காது.

இந்தக் கட்டுரை பிப்ரவரிக்காக எழுதியது. பேனர், மைக், வேன் எதுவும் வேண்டாம். வாரத்துக்கு ஒன்றிரண்டு மணி நேரம் போதும். வேலைக்குப் போகிறவர்கள், கல்லூரியில் படிக்கிறவர்கள், கைக்குழந்தை வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் செய்யக்கூடியது. மிஷனெரிகளின் வரலாறுகளைப் படித்து மலைத்துப்போய், "நமக்கெல்லாம் அது ஆகாது" என்று ஒதுங்கிவிடுகிறவர்கள் உண்டு. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1900இல் தொடங்கியது ஒரே ஒரு படுக்கை கொண்ட மருத்துவ இடம்தான். பெரிய கட்டடமெல்லாம் பிற்பாடு வந்தது.

தமிழ்நாட்டுச் சூழலை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். வெளிநாட்டில் இருப்பவர்கள் அலுவலகப் பெயர்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

கொடுக்க வேண்டியதை முதலில் கொடுத்துவிடுங்கள்

தானம் செய்யப் புறப்படுமுன், நம்மிடம் கூலி வாங்குகிறவர்களின் கணக்கைப் பார்த்துவிடுவோம். வீட்டு வேலை செய்யும் அக்காவுக்குச் சம்பளம் எந்தத் தேதியில் போகிறது? ஒன்றாம் தேதி என்று பேசிவிட்டு, அவர் வாய்விட்டுக் கேட்ட பிறகு ஏழாம் தேதி எடுத்துக் கொடுத்தால், இடைப்பட்ட நாள்களில் அவர் யாரிடமாவது வட்டிக்கு வாங்கியிருக்கக்கூடும். "கூலிக்காரனுடைய வேலையின் கூலி விடியற்காலமட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது" என்று லேவியராகமம் 19ஆம் அதிகாரம் சொல்கிறது. பிறனிடத்தில் அன்புகூரச் சொல்லும் புகழ்பெற்ற வசனம் அதே அதிகாரத்தில் ஐந்து வசனம் தள்ளித்தான் இருக்கிறது. பின்னதைப் பிரசங்கங்களில் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். முன்னதை வைத்து ஒரு பிரசங்கம் கேட்டு எத்தனை காலமாயிற்று என்று யோசித்துப் பாருங்கள்.

ஓய்வுநாள் விஷயமும் இப்படித்தான். பத்துக் கட்டளைகளில் அந்தக் கட்டளை வீட்டுத் தலைவரோடு நிற்கவில்லை. வேலைக்காரன், வேலைக்காரி, மிருகஜீவன், வாசலுக்குள் இருக்கும் அந்நியன் வரை எல்லோருக்கும் ஓய்வு சொல்கிறது. நாம் ஆராதனை முடித்து வந்து விருந்தாளிகளோடு பிரியாணி சாப்பிட, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்டா தேய்க்க அவரை வரச்சொல்வது என்ன நியாயம்? சம்பளம் பிடிக்காமல் வாரம் ஒரு நாள் விடுமுறை கொடுங்கள். அந்த ஒரு நாள் பாத்திரத்தை நாமே தேய்த்தால் கை தேய்ந்துவிடாது.

குப்பை எடுக்க வரும் தூய்மைப் பணியாளருக்கு நாம் செய்யக்கூடியது இன்னும் எளிது. மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் பிரித்துக் கொடுங்கள். உடைந்த கண்ணாடியைத் தடித்த தாளில் சுற்றி, மேலே "கண்ணாடி" என்று எழுதுங்கள். நாப்கின், டயப்பர் போன்றவற்றைச் செய்தித்தாளில் பொதிந்து தனியாக வையுங்கள். குடிக்கத் தண்ணீர் கேட்டால் வீட்டில் எல்லோரும் குடிக்கும் டம்ளரில் கொடுங்கள். இதைச் சேவை என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் இது நடக்காத வீடுகளிலிருந்து அன்னதானத்துக்கு நன்கொடை வருவதைப் பார்க்கிறோம்.

அடுப்படியில் ஒரு டின்

திருநெல்வேலிச் சீமையில் வளர்ந்தவர்களுக்குப் பிடியரிசியை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அரிசிப் பானைக்குப் பக்கத்தில் ஒரு பழைய பால்மாவு டின் இருக்கும். உலைக்கு அரிசி அளந்ததும், களைவதற்கு முன் அதிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளி அந்த டின்னில் போட்டுவிடுவார்கள். டின் நிறைந்ததும், அல்லது குறித்த ஞாயிற்றுக்கிழமையில், அது ஆலயத்துக்குப் போகும். காணிக்கையாக வந்த பொருள்களை ஆராதனை முடிந்ததும் வெளியே ஏலம் விடுவது பல சபைகளில் வழக்கம். அறுப்பின் பண்டிகையன்று ஒரு பூசணிக்காய்க்கு இரண்டு அண்ணாச்சிகள் போட்டி போட்டு, சந்தை விலையைப் போலப் பல மடங்கு ஏற்றிவிடுவதைப் பார்த்து ரசிக்காதவர்கள் யார்? மிசோரத்திலும் இதே கைப்பிடி அரிசி வழக்கம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து இருந்துவருகிறது. அங்கே சபைகளின் ஊழியச் செலவுக்கு அதிலிருந்து இன்றும் குறிப்பிடத்தக்க தொகை வருகிறது.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை. ஒரு பிடி என்பது ஏறத்தாழ 40 முதல் 50 கிராம். நாளுக்கு ஒரு பிடி என்றால் மாதம் 1.2 முதல் 1.5 கிலோ. ஒரு குடும்பத்தின் வறுமையை அது தீர்க்காது. ஆனால் நம் வீட்டுச் சோறு வேகுமுன்பே இன்னொருவர் பங்கு அதிலிருந்து பிரிந்துவிடுகிறது. மிச்சம் இருந்தால் கொடுப்போம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அதுவும் நாள்தோறும்.

விடுதியில் தங்கியிருப்பவர்கள், சமைக்காதவர்கள் என்ன செய்வது? செயலியில் சாப்பாடு வரவழைக்கும் ஒவ்வொரு தடவையும் இருபது ரூபாயைத் தனியாக ஒரு உறையில் போடுங்கள். கைபேசியில் பணம் கட்டுகிறவர்கள் இதற்கென்றே ஒரு கணக்கு வைத்துக்கொள்ளலாம். தொகை எவ்வளவு என்பது உங்கள் வருமானத்தைப் பொறுத்தது. சேர்ந்ததை எங்கே கொடுப்பது என்று தெரிந்துகொள்ள, அடுத்த படிக்கு வர வேண்டும்.

ஒரே ஒரு வீடு

"ஏழைகளுக்கு உதவ வேண்டும்" என்று நினைப்பதால்தான் பலர் தொடங்காமலேயே நின்றுவிடுகிறார்கள். ஏழைகள் என்ற கூட்டத்துக்கு முகவரி கிடையாது. ஒரு வீட்டைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கட்டும். பஸ் மாறிப் போக வேண்டிய இடமென்றால் மூன்றாம் மாதம் மழையைச் சாக்குச் சொல்லி நிறுத்திவிடுவோம்.

எப்படிக் கண்டுபிடிப்பது? சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) போன்ற சபைகளில், ஊர் ஆலயத்தைக் கவனிக்கும் உபதேசியாரையும் பெண்கள் ஐக்கிய சங்கத்து அம்மாக்களையும் கேளுங்கள். பல ஆலயங்களுக்குப் பொறுப்பான சேகர குருவைவிட இவர்களுக்குத்தான் தெரு நிலவரம் தெரியும். கத்தோலிக்கப் பங்குகளில் (ஆலய வட்டாரங்களில்) அன்பியம் என்ற சிறு குடும்பக் குழுவின் பொறுப்பாளரைக் கேட்கலாம். ஆராதனைக்கு வந்துகொண்டிருந்து திடீரென்று வராமல் போனவர் யார் என்று பாருங்கள். அவர்கள் சபைக்காரர்களாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. எதிர்வீட்டு மாடியில் தனியாக இருக்கும் பிராமண மாமி, பக்கத்துத் தெருவில் கணவரை இழந்த இஸ்லாமியப் பெண், கட்டுமான வேலைக்கு வந்திருக்கும் பீகார் குடும்பம், யாராகவும் இருக்கலாம். எருசலேம் சபையில் முதன்முதலாக எழுந்த சண்டைகளில் ஒன்று, உதவியில் யார் விட்டுப்போகிறார்கள் என்பதைப் பற்றியதுதான். அன்றாடப் பந்தியில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் விட்டுப்போனார்கள் என்று அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தில் முறுமுறுப்பு எழுகிறது. அதற்காகவே ஏழு பேரை நியமித்தார்கள். உங்கள் சபையிலும் உதவி பெறுகிறவர்களின் பட்டியல் ஒன்று இருக்கும். அதில் யாருடைய தெரு விட்டுப்போயிருக்கிறது என்று பாருங்கள். உங்களுக்கான வீடு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

துணைக்கு ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இருவராகப் போவது பழைய வழக்கம். 1833இல் பாரிஸில் ஃபிரடெரிக் ஓசானாம் என்ற இருபது வயது மாணவர் நண்பர்களோடு சேர்ந்து தொடங்கியதுதான் இன்று பங்குதோறும் இயங்கும் வின்சென்ட் தே பால் சபை. நீங்கள் பேசுகிறீர்களே, ஏழைகளுக்கு என்ன செய்திருக்கிறீர்கள் என்று சக மாணவர் ஒருவர் விவாதத்தில் கேட்டுவிட்டார். அந்தக் கேள்வி சுட்டது. ஏழைகளின் நிலைமை அந்த மாணவர்களுக்குத் தெரியாது. அந்தப் பகுதியை அறிந்த ரோசலி ரெண்டு என்ற அருட்சகோதரி வீடு வீடாக அவர்களுக்கு வழிகாட்டினார். இருவர் இருவராக வீட்டுக்கே போய்ப் பார்ப்பது அன்றிலிருந்து அந்தச் சபையின் அடிப்படை வேலை. அவர்களின் கூட்டங்களில் இரகசியப் பை ஒன்று சுற்றி வரும். யார் எவ்வளவு போட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. உங்கள் பங்கில் இந்தச் சபை இருந்தால் புதிதாக ஒன்றைத் தொடங்காதீர்கள். அதில் போய்ச் சேருங்கள்.

நாளையும் நேரத்தையும் குறித்துவிடுங்கள். இரண்டாம் சனிக்கிழமை மாலை ஐந்து மணி என்றால் அது ஐந்து மணிதான். வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதையில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் காயம் கட்டியதை எல்லோரும் சொல்வார்கள். நான் அதன் பின்பகுதிக்காக அந்தக் கதையைப் படிக்கிறேன். அடிபட்டவனைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிச் சத்திரக்காரனிடம் அவன் கொடுத்தது அக்காலத்தில் இரண்டு நாள் கூலி. கூடச் செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்கிறான். போகிற வழியில் செய்த உதவி என்று அவன் கைகழுவவில்லை, மறுபடி வருவதாக வாக்குக் கொடுத்துவிட்டுப் போகிறான். தனியாக இருக்கிற முதியவர்கள் மாதத்தில் எதிர்பார்த்துக்கொண்டிருக்கும் ஒரே மாலை உங்களுடையதாக இருக்கலாம். வர முடியாத நாளில் முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்.

வாசலைத் தாண்டிய பிறகு

சாப்பாட்டு வேளையில் போகாதீர்கள். வீட்டில் இருப்பதை உங்களுக்குப் பகிர்ந்துவிட்டு அவர்கள் அரைவயிற்றோடு படுப்பார்கள். உட்காரச் சொன்ன இடத்தில் உட்காருங்கள். பாயென்றால் பாய். நாற்காலியைப் பக்கத்து வீட்டிலிருந்து வாங்கிவர அவர்களை ஓடவிடாதீர்கள்.

தண்ணீரோ காபியோ கொடுத்தால் குடியுங்கள். நம் ஊரில் இது சாதாரண விஷயம் இல்லை. "இப்போதுதான் குடித்துவிட்டு வந்தேன்" என்ற வார்த்தைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கொடுக்கிறவருக்குத் தெரியும். தஞ்சாவூர்ப் பகுதிச் சபைகளில் சாதி பார்த்து உட்காருவதும் தனித்தனியே நற்கருணை எடுப்பதும் நிற்க வேண்டும் என்று கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் கடிதம் அனுப்பியது 1833இல். ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டாகிறது. நம் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகளில் கிறிஸ்தவ மணமகன் தேவை விளம்பரங்களைப் படித்துப் பாருங்கள். விசுவாசம் முதல் வரியில் இருக்கும், சாதி இரண்டாம் வரியில் இருக்கும். கல்லறைத் தோட்டத்தில்கூடத் தனி வரிசை வைத்திருக்கும் ஊர்கள் இன்னும் இருக்கின்றன. ஆகவே, நீங்கள் அந்த வீட்டுக்கு அரிசி கொண்டுபோவதோடு விஷயம் முடியாது. அவர்களை உங்கள் வீட்டுக்கு அழையுங்கள். நடுக்கூடத்தில், உங்கள் பிள்ளைகளுக்கு நடுவில் உட்காரவைத்துச் சாப்பாடு போடுங்கள். விருந்துக்குச் சொந்தக்காரரையும் வசதியான அயலாரையும் அழைக்காதே, ஏழைகளை அழை என்று லூக்கா 14ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்வது உருவகம் அல்ல, அப்படியே செய்யக்கூடிய காரியம்.

பேச்சுக்கு வருவோம். "என்ன வேண்டும் பாட்டி?" என்று கேட்டால், "ஒன்றும் வேண்டாம் ஐயா, நீங்கள் வந்ததே போதும்" என்ற பதில்தான் வரும். மானமுள்ளவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். கேள்வியை மாற்றுங்கள். "மாத்திரை எத்தனை நாளைக்கு இருக்கிறது?", "கேஸ் எப்போது மாற்றினீர்கள்?", "ராத்திரி வெளியே போக வெளிச்சம் இருக்கிறதா?" என்று கேளுங்கள். கண்ணையும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ஜன்னல் விளிம்பில் ரத்த அழுத்த மாத்திரை அட்டை கிடக்கும். பத்தில் நான்கு குழி மட்டும் காலியாக இருக்கும். மேலே எழுதிய தேதிப்படி முடிந்துபோயிருக்க வேண்டிய அட்டை அது. காசை மிச்சப்படுத்த ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டுக்கொள்கிறார் என்று அந்த அட்டையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அவராகச் சொல்லமாட்டார். அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், 2021 முதல் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய்களுக்கான மாத்திரைகளை வீட்டுக்கே வந்து தருகிறார்கள். அவர் பெயர் அதில் இருக்கிறதா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்துச் சேர்த்துவிட்டால், நீங்கள் வாங்கிக் கொடுக்கும் பத்து ஹார்லிக்ஸ் பாட்டிலைவிட அது பெரிய உதவி.

கைவேலையும் இருக்கும். பரணிலிருந்து எதையாவது இறக்க வேண்டும், பல்பு மாற்ற வேண்டும், மகனுக்குப் போன் போட்டுத் தர வேண்டும். முகம் சுளிக்காமல் செய்துவிடுங்கள். மருமகளைப் பற்றிய குறைகளைக் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் தீர்ப்புச் சொல்லாதீர்கள். அங்கே கேட்டதைச் சபையில் "ஜெபக் குறிப்பு" என்ற பெயரில் பரப்பாதீர்கள். ஜெபக் குறிப்பாக வெளியே வந்த வம்புகள் எத்தனையோ குடும்பங்களின் கதவுகளை நிரந்தரமாகச் சாத்தியிருக்கின்றன.

விண்ணப்பம், கையெழுத்து, வரிசை

புதியவர்கள் யாரும் நினைத்துப் பார்க்காத, ஆனால் படித்தவர்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி, அலுவலக வேலைதான். கிடைக்க வேண்டிய உரிமை காகிதத்தில் சிக்கிக் கிடப்பதால் பட்டினி கிடப்பவர்கள் நிறைய. தமிழ்நாட்டில் ஆதரவற்ற முதியோருக்கான மாத உதவித்தொகை 2023 ஆகஸ்ட் முதல் 1,200 ரூபாய். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும், கிராம நிர்வாக அலுவலர் விசாரிப்பார், வட்டாட்சியர் அலுவலகத்தில் ஆணை கிடைக்கும். சொல்லும்போது எளிதாக இருக்கிறது. நடைமுறையில், ஆதார் அட்டையில் "மரியம்மாள்" என்றும் குடும்ப அட்டையில் "மேரியம்மா" என்றும் இருக்கும். வங்கிக் கணக்கு செயலற்றுப் போயிருக்கும். பல ஆண்டு பீடி சுற்றிய விரல்களில் ரேகை தேய்ந்து, ரேஷன் கடைக் கருவி அவரை அவரென்று ஒப்புக்கொள்ளாது. இவை ஒவ்வொன்றுக்கும் வழி உண்டு. பெயர்த் திருத்தம் செய்யலாம், கணக்கைப் புதுப்பிக்கலாம், கருவிழிப் பதிவு வசதி இருக்கிறதா என்று கேட்கலாம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒருவர் அரை நாள் விடுப்பெடுத்துக் கூட வர வேண்டும். அந்த ஒருவர் நீங்களாக இருங்கள்.

மருத்துவச் செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் வேண்டும். நோய் வந்த பிறகு இந்த அட்டைக்காக அலைவது கொடுமை. நல்லபடியாக இருக்கும்போதே எடுத்து வைத்துவிடுங்கள். ரேஷன் கடைக்கு நடக்க முடியாத முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பொருள்களை வீட்டுக்கே கொண்டுவரும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியது. அவர்களுக்குப் பொருந்துமா என்று உங்கள் ரேஷன் கடையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சில எண்களைக் கைபேசியில் பதிந்துவையுங்கள்: ஆம்புலன்ஸ் 108, மருத்துவ ஆலோசனை 104, முதியோர் உதவி 14567, பெண்கள் உதவி 181, குழந்தைகள் உதவி 1098.

எச்சரிக்கை ஒன்று. அவர்களின் அசல் ஆவணங்களை உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். ஏ.டி.எம். அட்டையின் இரகசிய எண்ணை, அவர்களே வற்புறுத்திச் சொன்னாலும், கேட்டுக்கொள்ளாதீர்கள். பணம் எடுத்துத் தர வேண்டுமென்றால் அவரையும் அழைத்துக்கொண்டு போய், ரசீதை அவர் கையிலேயே கொடுங்கள். நாளைக்கு உறவினர் ஒருவர் வந்து கேள்வி கேட்கும்போது இந்த ஒழுங்கு உங்களையும் காப்பாற்றும், பாட்டியையும் காப்பாற்றும்.

ஆஸ்பத்திரியில்

"வியாதியாயிருந்தேன், என்னை விசாரிக்க வந்தீர்கள்" என்ற வசனத்தை நம்பி ஆப்பிளும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு பத்துப் பேர் வார்டுக்குள் நுழைவதைப் பார்த்திருப்பீர்கள். நோயாளிக்குச் சர்க்கரை வியாதி, பழத்தைத் தொட முடியாது. கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, "எங்கள் சித்தப்பாவுக்கும் இதே நோய்தான் வந்தது, பாவம், போய்ச் சேர்ந்துவிட்டார்" என்று ஒருவர் ஆறுதல் சொல்வார்.

அரசு மருத்துவமனையில் உண்மையாகவே உதவி தேவைப்படுகிறவர், நோயாளிக்குத் துணையாக இருப்பவர். ஒரு வாரமாக வராந்தாவில் படுத்து, குளிக்காமல், கிடைத்ததைத் தின்று நிற்பார். "அக்கா, நான் இரண்டு மணி நேரம் இங்கே இருக்கிறேன். வீட்டுக்குப் போய்க் குளித்து, சாப்பிட்டு, ஒரு கண் அயர்ந்துவிட்டு வாருங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். மருந்துச் சீட்டு, ஸ்கேன் எடுக்கும் இடம், குளுக்கோஸ் பாட்டில் எப்போது தீரும் என்பதையெல்லாம் அவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தமிழ் தெரியாத வடமாநிலத் தொழிலாளி யாராவது ஓ.பி. சீட்டோடு திகைத்து நின்றால், உங்களுக்கு அரைகுறை இந்தி தெரிந்தாலும் அது பெரிய வரம்.

வேதனைக்குக் காரணம் சொல்லாதீர்கள். எல்லாவற்றையும் இழந்து நோயில் கிடந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் இருந்தார்கள். அதுவரை நன்றாகத்தான் செய்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் கெட்டது.

உடம்பில் தெம்புள்ளவர்கள் ரத்தம் கொடுக்கலாம். 18 முதல் 65 வயது வரை, குறைந்தது 45 கிலோ எடை, உடல் தகுதி இருந்தால் ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறையும் பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒரு முறையும் கொடுக்கலாம்.

ஜெபம், படம், பிள்ளைகள்

ஜெபிக்கும் முன் கேளுங்கள்: "உங்களுக்காக ஜெபிக்கட்டுமா?" வேண்டாம் என்றாலும், தலையை மட்டும் ஆட்டினாலும், அடுத்த மாதம் அதே ஐந்து மணிக்கு அதே அன்போடு போய் நில்லுங்கள். அரிசிப் பையோடு துண்டுப்பிரதியைச் சேர்த்துக் கொடுக்காதீர்கள். பசித்தவர் கையில் சோற்றைக் கொடுத்துவிட்டு விசுவாசத்தை விலையாகக் கேட்பது அவரையும் அவமதிக்கிறது, சுவிசேஷத்தையும் மலிவாக்குகிறது. உங்கள் நம்பிக்கையைப் பற்றி அவரே கேட்டால் ஒளிக்காமல் சொல்லுங்கள். மத்தேயு 25இல், நியாயத்தீர்ப்பில் வலப்பக்கம் நிற்கிறவர்கள், எனக்குச் சோறு போட்டீர்கள் என்று ஆண்டவர் சொன்னதும், "ஆண்டவரே, நாங்கள் எப்பொழுது உம்மைப் பசியுள்ளவராகக் கண்டோம்?" என்று திகைக்கிறார்கள். சோறு போட்டபோது அவர்கள் மனத்தில் எந்தக் கணக்கும் இருக்கவில்லை.

புகைப்படம் வேண்டாம். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு மூதாட்டி புடவையைப் பெற்றுக்கொண்டு கேமராவைப் பார்த்து நிற்பதை அவருடைய பேரன் கல்லூரியில் பார்க்க நேரும். வலதுகை செய்வதை இடதுகை அறியக்கூடாது என்ற கட்டளை இருக்கும்போது, குழுவில் உள்ள இருநூற்று ஐம்பது பேருக்கு அறிவிக்க வேண்டிய அவசியம் என்ன? கணக்குக்கு ஆதாரம் வேண்டுமென்றால் ரசீதைப் படம் எடுங்கள்.

பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது அருமையான சேவை. ஆனால் இதில் விதிகளைத் தளர்த்தாதீர்கள். கதவு திறந்திருக்க வேண்டும், இன்னொரு பெரியவர் கண்ணெதிரே இருக்க வேண்டும், பெற்றோருக்குத் தெரியாமல் பரிசோ போன் பேச்சோ கூடாது. ஒரு பிள்ளைக்குத் தீங்கு நடந்திருக்கிறது என்று தெரிந்தால் சபைக்குள்ளேயே பேசி முடித்துவிடச் சொல்லும் பெரியவர்கள் இருப்பார்கள். அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, அப்படியொரு குற்றம் தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பதே குற்றம்.

பணம் கேட்டால்

கேட்கத்தான் செய்வார்கள். கடனாகக் கொடுக்காதீர்கள். கொடுத்தால், திரும்பி வராது என்று எண்ணிக் கொடுங்கள். இல்லையென்றால் அவர் உங்களைக் கண்டு தெருமாறிப் போவார், நீங்கள் போய்ப் பார்க்க ஒரு வீடு இல்லாமல் போகும். முடிந்தவரை பள்ளிக் கட்டணத்தைப் பள்ளியிலும் மருந்துக்கடைப் பாக்கியைக் கடையிலும் நேராகக் கட்டிவிடுங்கள். முடியாத தொகையென்றால் முடியாது என்று அன்றைக்கே சொல்லிவிடுங்கள். "பார்க்கலாம்" என்று இழுத்தால் அவர் அதை நம்பி வேறு வழி தேடாமல் இருந்துவிடுவார். பிறரிடம் வசூலித்துக் கொடுப்பதாக இருந்தால் வரவு செலவை ஒரு நோட்டில் எழுதி, கொடுத்தவர்கள் எப்போது கேட்டாலும் காட்டுங்கள்.

ஏமாற்றுகிறவர்களும் வருவார்கள். ஒருவர் ஏமாற்றினார் என்பதற்காக மற்றவர்களுக்கான கதவை மூடிவிடாதீர்கள். அந்த ஒருவரிடம் கவனமாக இருங்கள், போதும். சொந்தத் தாய் தகப்பனுக்குச் செய்ய வேண்டியதைக் கடவுளுக்குக் காணிக்கை என்று சொல்லி நிறுத்திவிடுகிறவர்களை இயேசுவே மாற்கு 7இல் கடிந்துகொள்கிறார். முதலில் அதைச் சரிபாருங்கள்.

சலிப்பும் மாற்றலும்

ஏழெட்டு மாதம் போனால் சலிப்புத் தட்டும். பாட்டி அதே கதையை மறுபடியும் சொல்வார். நீங்கள் செய்ததை மறந்து, எப்போதோ ஒரு தடவை வந்த பணக்காரச் சொந்தக்காரரைப் புகழ்வார். அப்போது உங்களுக்குக் கோபம் வந்தால், நன்றியை எதிர்பார்த்திருந்தீர்கள் என்று அர்த்தம். இது எல்லோருக்கும் வருவதுதான். துணைக்கு வருகிறவரிடம் வாய்விட்டுப் பேசுங்கள், ஒரு மாதம் அவரை மட்டும் அனுப்புங்கள். சாப்பிடக்கூட நேரமில்லாமல் அலைந்த சீஷர்களை, தனிமையான இடத்துக்கு வந்து சற்றே இளைப்பாறுங்கள் என்று இயேசு அழைத்துப் போயிருக்கிறார். பரீட்சை நேரத்திலும் பேறுகாலத்திலும் விலகி இருப்பதில் குற்ற உணர்ச்சி வேண்டாம்.

வேலை மாற்றலாகி ஊரைவிட்டுப் போக நேர்ந்தால் சொல்லாமல் மறைந்துவிடாதீர்கள். இரண்டு மாதத்துக்கு முன்பே அடுத்தவரைப் பிடித்து, அவரோடு சேர்ந்து சில தடவை போய் வாருங்கள். ஒரு நோட்டில் எழுதிக் கொடுங்கள்: எந்த மாத்திரை எந்த வேளைக்கு, மருத்துவமனைச் சீட்டு எங்கே இருக்கிறது, உதவித்தொகை எந்த வங்கியில் வருகிறது, மகளின் தொலைபேசி எண், இடது காது கேட்காது, காபிக்குச் சர்க்கரை போடக்கூடாது, முன்கதவைத் தட்டினால் கேட்காது, பக்கவாட்டு ஜன்னலில் நின்று கூப்பிட வேண்டும். பாட்டியிடம் அனுமதி கேட்டுவிட்டு எழுதுங்கள். அந்த நோட்டு அவர் வீட்டிலேயே இருக்கட்டும்.